கொரியாக்காரனுக்கு வசனம் எழுதிய எலாடியோ

எலாடியோவைப் பற்றிச் சொல்ல அவருடைய பேச்சிலிருந்து ஆரம்பிக்க முடியாது. அவர் பேசுவதே இல்லை. காலையில் வணக்கம் சொன்னால் தலையை ஆட்டுவார். சாயங்காலம் சொன்னால் அதே தலையை அதே அளவுக்கு ஆட்டுவார். எங்கள் ஊரான சியென்புவேகோஸ் துறைமுகத்தில் மீனை உறைய வைக்கும் கிடங்கில் அவருக்கு வேலை. அங்கே இயந்திரங்கள் போடுகிற சத்தத்தில் ஒன்று கத்த வேண்டும், இல்லையென்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். எலாடியோ வாயை மூடிக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகும் திறக்கவில்லை.

"மீனோட சேர்ந்து இவரும் உறைஞ்சுட்டாரு. வெயில்ல வச்சாத்தான் சரியாவாரு" என்பார் பெர்மின். பெர்மின் எலாடியோவுக்குப் பக்கத்து வீடு. ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். எங்கள் வீடுகளுக்கெல்லாம் பொதுவான முற்றத்தின் நடுவில் டோமினோ மேசையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, எலாடியோ பேசாத பேச்சையும் சேர்த்துத் தானே பேசிவிடுவார்.

ஆனால் சனிக்கிழமை மத்தியானம் எங்கள் முற்றம் முழுவதும் எலாடியோவின் வாசலில்தான் நிற்கும். வாரப் பொட்டலம் வந்து சேரும் நாள் அது. சைக்கிளில் ஒருவர் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து தருவார். அந்த வாரத்துக்கான படம், தொடர், குத்துச்சண்டை, சமையல் நிகழ்ச்சி எல்லாம் அதற்குள் இருக்கும். ஆளாளுக்கு வேண்டியதைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டால் ஒரு வாரம் ஓடிவிடும். இன்டர்நெட் எங்களுக்கு எட்டாத விலையில் இருந்தபோதும் உலகத்தில் யார் யாரைக் காதலித்தார், யார் யாரை ஏமாற்றினார் என்பது எங்களுக்கு ஒரு வாரம் தள்ளியாவது தெரிந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், பொட்டலத்தில் வருகிற கோப்புகள் புதுசு. எங்கள் வீட்டுப் பெட்டிகள் பழசு. பெர்மினின் டிவிடி பிளேயர் அவருடைய மைத்துனர் கப்பலில் போனபோது எங்கோ வாங்கி வந்தது. மிகப் பழைய மாதிரிக் கோப்பு என்றால்தான் ஓடும். கோப்பின் பெயர் கொஞ்சம் நீளமாக இருந்தாலும் கோபித்துக்கொண்டு நின்றுவிடும். மாடியில் இருக்கும் ஒர்த்தென்சியாவின் டிஜிட்டல் பெட்டி படத்தைக் காட்டும், சத்தத்தைத் தராது. கோடி வீட்டு இடால்மிஸின் பெட்டிக்கு வேறு குணம். படமும் வரும், சத்தமும் வரும், ஆனால் படத்தோடு தனிக் கோப்பாக வரும் வசன எழுத்துகளை அது சுத்தமாகக் கண்டுகொள்ளாது. கொரியாக்காரர்கள் கொரிய மொழியில் பேசிக்கொண்டே போவார்கள், கீழே ஒரு எழுத்து இருக்காது.

இந்தப் பெட்டிகள் எல்லாவற்றின் குணமும் எலாடியோவுக்கு அத்துப்படி. கோப்பைப் பிரித்து, அந்தந்த வீட்டுப் பெட்டி விழுங்குகிற பதத்துக்கு மாற்றிக் கொடுப்பார். எழுத்து படிக்காத பெட்டிகளுக்கு வசனத்தைப் படத்தின் மேலேயே அழியாமல் பதித்துவிடுவார். மூடியில்லாத ஒரு கம்ப்யூட்டர், அதற்கு எதிரே சூடு தணிக்க ஒரு மேசை ஃபேன், கரண்ட் போனால் தாங்குவதற்கு ஒரு மோட்டார் சைக்கிள் பேட்டரி. ஒரு பாகம் மாறி முடிய, கறுப்பு பீன்ஸ் வேகிற நேரம் ஆகும். முக்கால்வாசி வெந்த பிறகு மின்வெட்டு வந்து, பேட்டரியும் கைவிட்டால், மறுபடியும் முதலிலிருந்து.

அதனால் வரிசை. வருகிறவர் "யாரு கடைசி?" என்று கேட்பார். கடைசியில் இருப்பவர் கையைத் தூக்குவார். அதோடு இடம் உறுதி, வீட்டுக்குப் போய்த் துணி துவைத்துவிட்டுக்கூட வரலாம். இடால்மிஸ் மட்டும் அப்படிப் போக மாட்டாள். வாசற்படியிலேயே உட்கார்ந்து, மாறுகிற கோப்பின் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அவள் பாலிகிளினிக்கில் ஊசி போடும் நர்ஸ். இந்தத் தெருவில் அவள் குத்தாத ஆள் இல்லை என்பதால், அவளைக் கேலி செய்ய எல்லோருக்கும் கொஞ்சம் பயம். கணவனை விவாகரத்து செய்து வெகுநாள் ஆகிறது. அதைப் பற்றிக் கேட்டால், "நல்லாத் தூங்குறேன்" என்று மட்டும் சொல்வாள்.

இனி எலாடியோ செய்த காரியத்துக்கு வருகிறேன்.

முதலில் அது காரியமே இல்லை. வசனங்களை ஸ்பெயினில் யாரோ எழுதுகிறார்கள். மொழி ஒன்றுதான், ஆனால் அவர்கள் பேச்சு எங்கள் பேச்சில்லை. "இவங்க என்ன, பாதிரியார் மாதிரி பேசிக்கிறாங்க?" என்று ஒர்த்தென்சியா முறையிட்டாள். எலாடியோ தலையை ஆட்டினார். அடுத்த வாரத்திலிருந்து வசனங்கள் எங்கள் தெருப் பேச்சில் வந்தன. முற்றமே மகிழ்ந்தது. படத்தை மாற்றுகிறவர் நாலு வார்த்தையையும் மாற்றினால் என்ன?

பிறகு அந்தக் கொரியத் தொடர் வந்தது. கதாநாயகன் ஜூன் சிக் ஒரு பெரிய கம்பெனி முதலாளியின் மகன். கண்ணாடிச் சுவர் வைத்த அலுவலகத்தில் கோட்டு போட்டுக்கொண்டு நிற்பான். கதாநாயகி கீழ்த்தளத்துக் கேன்டீனில் சூப் ஊற்றுகிறவள். இடால்மிஸ் இந்தத் தொடரில் விழுந்துவிட்டாள். டூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் பெட்டியைப் போட்டுவிடுவாள். மறுநாள் தண்ணீர்த் தொட்டியருகே எங்களுக்குக் கதை சொல்வாள்.

"நேத்து என்ன சொன்னான் தெரியுமா? 'தண்ணி மேல ஏறலைன்னா என்னைக் கூப்பிடு, நீ வாளியத் தூக்காத'ன்னான். கோடீஸ்வரன்! அவன் வாயிலேர்ந்து இப்படி!"

"கொரியாவுலயும் தண்ணி ஏறலையா?" என்றார் பெர்மின்.

"ஏன், அங்க இருக்கறவங்க மனுஷங்க இல்லையா?"

"அவன் வீட்ல லிஃப்ட் இருக்குமே பொண்ணே, தண்ணிக்கா பஞ்சம்?"

"பெர்மின், உங்களுக்கு வியாழக்கிழமை ஊசி இருக்கு. ஞாபகம் வச்சுக்குங்க."

பெர்மின் டோமினோ காய்களைக் கலக்க ஆரம்பித்துவிட்டார்.

ஒர்த்தென்சியாவும் அதே தொடரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இடால்மிஸ் சொல்வதையெல்லாம் கேட்டுக் கேட்டு அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. இடால்மிஸ் டூட்டிக்குப் போயிருந்த ஒரு காலையில் மாடிப் படியிலிருந்தே ஆரம்பித்தாள்.

"எலாடியோ! என் ஜூன் சிக் தண்ணியப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே? 'அறிக்கைய மேசைல வை'ன்னுதானே சொன்னான்? எனக்கு மட்டும் வெட்டிட்டியா?"

எலாடியோ தலையை ஆட்டவில்லை. அதுவே செய்தி. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பெர்மின் கையில் இருந்த காயைக் கீழே வைத்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இடால்மிஸின் பெட்டிக்குப் போகிற பாகங்களில் மட்டும் ஜூன் சிக் வேறு மாதிரி பேசுகிறான் என்பது அப்போதுதான் விளங்கியது. சமையல் கேஸ் வந்திருக்கிறதா என்று கேட்கிறான். இரவு டூட்டி முடிந்து தனியாக நடந்து வராதே என்கிறான். சூப் ஊற்றும் காட்சியில், "உன் கை லேசான கை, வலியே தெரியல" என்கிறான். சூப் ஊற்றினால் யாருக்கு வலிக்கும்? நரம்புக்கு இடால்மிஸிடம் வைட்டமின் ஊசி போட்டுக்கொள்ளும் எலாடியோவுக்குத்தான் அது தெரியும்.

நேரில் அவர் இடால்மிஸிடம் சொல்கிற மொத்தப் பேச்சு, "ஆயிடுச்சுங்க, எடுத்துக்குங்க" என்பதுதான்.

எங்கள் முற்றத்தில் எந்த ரகசியமும் மத்தியானம் வரை தாங்காது. இது தாங்கியது. யாரும் இடால்மிஸிடம் வாய் திறக்கவில்லை. ஒர்த்தென்சியா மட்டும், "எனக்கும் அந்த மாதிரியே போட்டுக் குடு, நான் என்ன பாவம் பண்ணேன்?" என்று எலாடியோவைக் கெஞ்சிப் பார்த்தாள். அவர் மறுத்துவிட்டார். அதனால் இடால்மிஸின் வீட்டுக்கே போய் அவளோடு உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து அழுவது முற்றம் வரை கேட்கும்.

தொடர் முடிந்தது. எலாடியோ அடுத்த தொடருக்கும் அதே வேலையைத் தொடங்கினார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வெளிநாட்டில், டாம்பாவில் இருக்கும் இடால்மிஸின் தம்பிக்குப் பாசம் பொங்கியது. ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு புதுப் பெட்டியைக் கொடுத்தனுப்பினான். உள்ளங்கை அகலம், கறுப்பாக, பளபளவென்று.

இடால்மிஸ் அதைக் கொண்டுவந்து டோமினோ மேசையில் வைத்தாள். "எதைக் குடுத்தாலும் படிக்குமாம். தனியா இருக்கற எழுத்தக்கூடப் படிக்குமாம். இனிமே மாத்தவே வேண்டாம். பொட்டலத்துலேர்ந்து அப்படியே எடுத்துப் போட்டுக்கலாம்னு தம்பி சொன்னான்."

எலாடியோ வாசலில் நின்றிருந்தார். முகம் கிடங்கிலிருந்து அப்போதுதான் வெளியே எடுத்தது போல வெளுத்திருந்தது.

"நல்லதுதானே எலாடியோ? உங்களுக்கும் வேலை மிச்சம்" என்றாள் இடால்மிஸ். "முதல்ல ஜூன் சிக்கத்தான் மறுபடியும் முதல்லேர்ந்து பாக்கப் போறேன். சைக்கிள்காரர்கிட்ட பழைய தொடரெல்லாம் இருக்காம். படம் கண்ணாடி மாதிரி இருக்கும்ல?"

எலாடியோ பேசினார். ஒரே மூச்சில் அவர் அவ்வளவு பேசி நாங்கள் கேட்டதில்லை. "அது வேண்டாங்க. வேற நல்ல தொடர் இருக்கு. துருக்கித் தொடர். குதிரை எல்லாம் வரும். அப்புறம் இந்தப் பெட்டி நம்ம ஊர் கரண்டுக்குத் தாங்காது. என்கிட்ட குடுங்க, கொஞ்ச நாள் சோதிச்சுட்டுத் தரேன்."

"எத்தன நாளு?"

"ஒரு… பத்து மாசம்."

பெர்மின் இருமலை வரவழைத்துக்கொண்டார். "ஏன்யா இப்படி வேர்க்குது உனக்கு? நிழல்லதானே நிக்கிற?"

"குதிரை யாருக்கு வேணும்?" என்று சொல்லிவிட்டு இடால்மிஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் உள்ளே போனதும் பெர்மின் எலாடியோவின் அருகே போனார். "போயி நீயே முன்னாடி சொல்லிடு. அவளாக் கண்டுபிடிச்சா ஊசிய எங்க குத்துவான்னு தெரியாது."

எலாடியோ தலையை ஆட்டினார். ஆனால் போகவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் கதவு சாத்தியே இருந்தது. இடால்மிஸ் அவர் வாசற்படிக்கு இனி வருவாளா என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே கேள்வி. எங்களுக்கும் வேறு கேள்வி இருக்கவில்லை.

இடால்மிஸின் வீட்டில் பெட்டி ஓடியது. ஒர்த்தென்சியா முதல் நாள் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து காற்று வாங்கினாள்.

"என்ன ஆச்சு?" என்று எல்லோரும் கேட்டோம்.

"ஒண்ணும் ஆகல. அவன் 'பத்து மணிக்குக் கூட்டம்'னான். இவ பாத்துக்கிட்டே இருந்தா. அவன் 'காரைக் கொண்டு வா'ன்னான். இவ பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிட்டா."

சனிக்கிழமை வந்தது. பொட்டலமும் வந்தது. எலாடியோ வேறு வழியில்லாமல் கதவைத் திறந்தார். வரிசை சேர்ந்தது. கோடி வீட்டுக் கதவும் திறந்தது. இடால்மிஸ் கிளினிக் சீருடையிலேயே முற்றத்தைக் குறுக்காகக் கடந்து வந்தாள். கையில் பென் டிரைவ் இல்லை. யார் கடைசி என்றும் கேட்கவில்லை. வரிசை தானாக விலகி வழிவிட்டது.

"எலாடியோ. ஜூன் சிக் ஏன் என்கிட்ட பேச மாட்டேங்கறான்?"

எலாடியோ மேசை ஃபேனைப் பார்த்தார்.

"பெட்டி பழுதா இருக்கும் பொண்ணே" என்றார் பெர்மின்.

"நீங்க சும்மா இருங்க. சூப் ஊத்தற காட்சிய நான் நாலு தடவை பாத்தேன். 'உப்பு பத்தல'ங்கறான். உப்பு பத்தலையாம்! லேசான கைன்னு யாருய்யா சொன்னது?"

முற்றத்தில் யாரோ சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார்கள்.

"மொழிபெயர்ப்பு… வேற வேற மாதிரி இருக்குங்க" என்றார் எலாடியோ. சத்தம் ஃபேனைத் தாண்டி வரவில்லை.

"வேறயா? கேஸு வந்துச்சான்னு கேக்கறதும், காரைக் கொண்டு வான்னு சொல்றதும் ஒரே வாக்கியத்தோட மொழிபெயர்ப்பா?" அவள் குரல் திடீரென்று இறங்கியது. "டூட்டி முடிஞ்சு கால் வீங்கி வரேன். 'உக்காரு முதல்ல'ன்னு அவன் சொல்லுவான். நான் உக்காருவேன். உலகத்துல எங்கயோ ஒரு மூலைல, கொரியாவுலயாவது, இப்படிக் கேக்கற ஆள் ஒருத்தன் இருக்கான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இந்த வாரம் அவன் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. அது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

கம்ப்யூட்டரில் பெர்மினின் குத்துச்சண்டை பாதியில் மாறிக்கொண்டிருந்தது.

"இருக்கான்" என்றார் எலாடியோ.

"என்ன?"

"அந்த ஆள். இருக்கான். கொரியாவுல இல்ல."

இடால்மிஸ் அவரை வெகுநேரம் பார்த்தாள். ஊசி போடுவதற்கு முன்னால் இடம் தேடுவது போன்ற பார்வை. பிறகு, "எட்டு மணி வரைக்கும் நம்ம பக்கம் கரண்ட் இருக்கு. ஆறு மணிக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

எலாடியோ அன்று எந்தக் கோப்பையும் முடிக்கவில்லை. பெர்மினின் குத்துச்சண்டை வீரர்கள் ஆறாவது சுற்றிலேயே நின்றுபோனார்கள். ஆனால் பெர்மின் குறை சொல்லவில்லை. தன்னிடம் இருந்த கோடு போட்ட சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். எலாடியோவுக்கு அது தோளில் பெரிதாகவும் வயிற்றில் மிகப் பெரிதாகவும் இருந்தது.

ஆறு மணிக்கு அவர் கோடி வீட்டுக்குப் போனார். நாங்கள் யாரும் ஒட்டுக் கேட்கவில்லை. அந்தச் சன்னலுக்குக் கீழேதான் டோமினோ மேசைக்கு நல்ல வெளிச்சம் கிடைத்தது, அதனால் மேசையை அங்கே நகர்த்தினோம். அவ்வளவுதான்.

இடால்மிஸ் அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். காபி கொடுத்தாள். புதுப் பெட்டியைப் போட்டாள். திரையில் கண்ணாடிச் சுவரும், கோட்டும், ஜூன் சிக்கும் பளிச்சென்று வந்தார்கள். கீழே எழுத்துகள் ஓடின. அவள் ரிமோட்டை எடுத்து எதையோ அழுத்தினாள். எழுத்துகள் மறைந்தன.

"இந்தப் பெட்டில இது ஒரு வசதி" என்றாள். "எழுத்து வேண்டாம்னா வேண்டாம். இப்போ நீங்க சொல்லுங்க."

"நானா?"

"நீங்கதான். வேற யாரு இவ்வளவு நாளாச் சொன்னது?"

ஜூன் சிக் வாயைத் திறந்தான். கொரிய மொழியில் நீளமாக ஏதோ சொன்னான். எலாடியோ திரையைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார்.

"பேசறான் பாருங்க. என்ன சொல்றான்?"

"மழை… வரும் போல இருக்குன்னு சொல்றான்."

"மழைக்கா இவ்வளவு நேரம்? இன்னும் வாய் அசையுதே."

"சத்தமாச் சொல்லுய்யா, கீழ கேக்கல!" என்று பெர்மின் கத்தினார். ஒர்த்தென்சியா அவர் வாயைப் பொத்தினாள்.

உள்ளே ஜூன் சிக் நடந்து வந்து சன்னலருகே நின்றான். கதாநாயகி தலையைக் குனிந்திருந்தாள். அவன் மறுபடியும் பேச ஆரம்பித்தான். இந்தத் தடவை எலாடியோ செருப்பைப் பார்க்கவில்லை.

"கால் வீங்கியிருக்கு" என்றார். "நின்னுக்கிட்டே இருக்காதீங்கன்னு சொல்றான்."

"அவன் என்னை நீங்கன்னு சொல்ல மாட்டான்."

டோமினோ காயைக் கீழே வைக்கக்கூட நாங்கள் பயந்தோம்.

"நின்னுக்கிட்டே இருக்காத" என்றார் எலாடியோ. "உக்காரு."

இடால்மிஸ் உட்கார்ந்தாள். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. திரையில் கதாநாயகி ஏதோ பதில் சொன்னாள். சின்னதாகத்தான், நாலைந்து வார்த்தை.

"இவ என்ன சொல்றா?" என்று எலாடியோ கேட்டார்.

"அவ வசனத்த நான் சொல்லிக்கறேன்" என்றாள் இடால்மிஸ். "நாளைக்கும் வரச் சொல்றா."

அதற்குப் பிறகு அவர்கள் சன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.